உயரத்தைச் செலவிடும் ஆறு

கூடுதுறைப் படியில்

ஆடிப் பதினெட்டன்று பவானி கூடுதுறையின் படிகளில் நின்று நீரைப் பார்த்தவர் எவருக்கும் இரண்டு சந்தேகங்கள் எழாமல் இருந்திருக்க முடியாது. ஊரில் ஒரு தூறல் இல்லை. மேல்காற்று புழுதியை வாரி இறைக்கிறது. வேலியோரத்துக் கிளுவைகூட வாடி நிற்கிறது. அப்படியிருக்க ஆறு மட்டும் படிக்குமேல் படியாக ஏறி வருகிறதே, இந்தப் புதுப்புனல் எங்கிருந்து வந்தது என்பது முதலாவது. வடக்கிலிருந்து வரும் காவிரியும் மேற்கிலிருந்து வரும் பவானியும் சங்கமேசுவரர் கோயிலின் மதிலை அணைந்து ஒன்றுகூடிய பின்பும், சில நாட்களில் யாரோ நூல் பிடித்துக் கோடு கிழித்தாற்போல ஒருபுறம் செம்மண் கலங்கலும் மறுபுறம் பாசிநிறத் தெளிவுமாக, பக்கத்தில் பக்கத்தில் ஓடியும் ஒன்றையொன்று தொடாதவைபோல அந்நீர்கள் போகின்றனவே, அது எப்படி என்பது இரண்டாவது.

அப்படியொரு நாளில் எனக்கு முன்னே இடுப்பளவு நீரில் நின்றிருந்த சிறுவன் ஒருவன், "ஏனுங்க அப்பாரு, ரண்டு தண்ணியும் சேர மாட்டேங்குதே?" என்று கேட்டான். ஈரத்துண்டைப் பிழிந்துகொண்டிருந்த கிழவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "சேருஞ் சாமி, போகப் போகச் சேரும்" என்றார். இந்த அத்தியாயத்தில் நான் சொல்லவிருப்பதில் பாதியை அவர் அந்த ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். மற்றப் பாதி, சேர்வதற்கு முன்னால் அந்த நீரை மனிதன் என்ன செய்தான் என்பது.

மலை தரும் முதல்

மழை பெய்யாத ஊரில் வெள்ளம் வருவதற்குக் காரணம், அந்த வெள்ளத்தின் மழை வேறோர் இடத்தில் பெய்ததுதான். ஆனி, ஆடி மாதங்களில் அரபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மேல் ஏறும்போது குளிர்ந்து, தன் சுமையை மலையின் மேற்கு முகத்திலேயே இறக்கிவிட்டு, வெறுங்கையுடன் கொங்குச் சமவெளிக்குள் நுழைகிறது. மலையின் இந்தப் பக்கத்தை ‘மழைமறைவு’ என்போம். வெயிலுக்கு மறைவு நிழல் என்றால் மழைக்கு மறைவு இது. கொங்கு நாட்டில் ஆடிக்காற்று அம்மியைப் பறக்கவிடும், ஆனால் ஆடி மழை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

பவானியின் பிறப்பிடமோ அம்மழையின் மடியிலேயே இருக்கிறது. நீலகிரியின் தென்மேற்கு மூலையில் தோன்றி, மலைக்கு அப்பால் கேரளத்தின் அட்டப்பாடிப் பள்ளத்தாக்கில் இறங்கி, அங்கே மேற்குக் கடலுக்குப் போய்விடும்போல் சிறிது தூரம் போக்குக் காட்டி, முக்காலிக்கருகில் மனம் மாறியதுபோல் வடகிழக்கே திரும்பி, சிறுவாணியையும் சேர்த்துக்கொண்டு மறுபடியும் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடுவன கபினி, பவானி, பாம்பாறு என மூன்றே ஆறுகள்; அவற்றில் ஒன்று இது. குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளின் ஓடைகளோ ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையைக் கொண்டுவந்து சேர்ப்பவை. ஆகவே இரண்டு பருவங்களிலும் வரவு உடைய ஆறு இது. சமவெளியில் பிறந்த ஆறுகளுக்கு இந்தப் பாக்கியம் அரிது.

ஆனால் மலையாறு கொண்டுவருவது நீர் மட்டுமல்ல. நீரைவிட மேலான ஒரு முதலை அது கொண்டுவருகிறது. அதன் பெயர் உயரம். நீலகிரியின் மேட்டில் 2,000 மீட்டருக்கும் மேலே நிற்கும் நீர், மேட்டுப்பாளையத்துக்கு வரும்போது ஏறத்தாழ 300 மீட்டரில் இருக்கிறது. பவானி நகரத்துக்கு வரும்போது 200 மீட்டருக்கும் குறைவு. மேட்டுப்பாளையம் வரையில் ஊதாரிப் பிள்ளையைப்போல் தன் உயரத்தைப் பாறைகளின்மீது வாரியிறைத்துவிட்டு, அதன் பிறகுள்ள நெடுவழி முழுவதும் மிச்சமிருக்கும் நூறு மீட்டரைக் கருமியைப்போல் எண்ணியெண்ணிச் செலவிடுகிறது.

ஆற்றை மனிதன் உபயோகிப்பது என்றால், அது வீணே செலவிடவிருக்கும் உயரத்தைக் குறுக்கே கைநீட்டி வாங்கிக்கொள்வது என்று பொருள். மலையில் நின்று வாங்கினால் அது மின்சாரமாகிறது. பைக்காரா ஆற்றின் நீர் 1932-லேயே சிங்காராவில் மின்சாரம் தந்து, பிறகு மோயாறாகிப் பவானியை நாடிற்று; கனடா நாட்டின் உதவியுடன் எழுந்த குந்தா திட்டத்தில் ஒரே நீர் ஒரு நிலையத்திலிருந்து கீழேயுள்ள மற்றொரு நிலையத்துக்கென இறங்கி இறங்கிப் பலமுறை சக்கரம் சுற்றுகிறது. சமவெளிக்கு வந்த பிறகு, மிச்சமிருக்கும் அந்தச் சிறு உயரத்தை வாங்குபவன் உழவன். அவனுடைய வியாபாரந்தான் நுட்பமானது. அதற்கு வருமுன் சிறுவனுடைய கேள்விக்கு விடை சொல்லிவிட வேண்டும்.

இரண்டு நீர் ஏன் உடனே கலப்பதில்லை

ஒரு தம்ளர் பாலில் டிகாக்ஷனை ஊற்றி ஓர் ஆற்று ஆற்றினால் கலந்துவிடுகிறது. இவ்வளவு வேகமாக ஓடும் ஆற்றில் கலக்காதது விந்தையல்லவா? விந்தை இல்லை. தம்ளரில் நாம் குறுக்கும் நெடுக்குமாகக் கலக்குகிறோம். ஆற்றின் வேகம் முழுவதும் நெடுக்குவசத்தில் இருக்கிறது. அடுத்தடுத்த தண்டவாளங்களில் ஒரே திசையில் ஓடும் இரண்டு ரயில்வண்டிகளின் பிரயாணிகள், வண்டி எவ்வளவு விரைந்தாலும், அதனால் ஒருவரோடொருவர் கலந்துவிடுவதில்லை.

குறுக்குவசத்தில் கலக்குபவை, அடித்தரையிலும் கரையிலும் நீர் உராய்வதால் எழும் எண்ணற்ற சிறு சுழிகள். நீர் ஒழுங்காக அடுக்கடுக்காய் வழுக்கிச் செல்லாமல் இப்படிச் சுருண்டு புரண்டு செல்வதைக் ‘கொந்தளிப்பு’ என்று வைத்துக்கொள்வோம். இச்சுழிகள் செம்மண் துகளை ஒருகணம் இடப்புறம் தள்ளுகின்றன, மறுகணம் வலப்புறம் தள்ளுகின்றன. எத்திசை என்பதில் யாதொரு நியதியும் இல்லை. காசைச் சுண்டிப் பூ விழுந்தால் ஓரடி இடமாகவும் தலை விழுந்தால் ஓரடி வலமாகவும் வைத்து நடப்பவன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நூறுமுறை சுண்டிய பிறகு அவன் நூறடி தள்ளிப் போயிருக்கமாட்டான். போனதும் வந்ததும் கழிந்து, சராசரியாகப் பத்தடி விலகியிருப்பான். இருபதடி விலக வேண்டுமானால் இருநூறு தடவை போதாது. நானூறு தடவை சுண்டவேண்டும். தூரம் இரட்டித்தால் காலம் நான்கு மடங்காகிறது. இந்தத் தள்ளாட்டத்துக்குத் ‘தற்செயல் நடை’ என்று பெயரிடலாம்.

இப்போது ஆற்றுக்கு வருவோம். பத்து மீட்டர் அகலமுள்ள ஓர் ஓடையில் ஒரு கரையோரமாகச் சாயத்தை விட்டால், அது அக்கரை முழுதும் பரவ ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆகிறது என்று கொள்வோம். இருநூறு மீட்டர் அகலமான ஆறு அதைப்போல் இருபது மடங்கு. ஆதலின் காலம் இருபதின் இருபது மடங்கு, அதாவது நானூறு மடங்கு. ஆனால் பெரிய ஆறு ஆழமானது. அதன் சுழிகளும் பெரியவை. ஓரடிக்குப் பதில் நாலடி வைத்துத் தள்ளாடுபவை; ஒவ்வோர் அடிக்கும் நாலு மடங்கு நேரமும் எடுத்துக்கொள்பவை. ஆகையால் நானூற்றைக் கால்பங்காக்கி நூறு மடங்கு என்று வைத்தாலும் நூறு கிலோமீட்டர் வருகிறது! நடைமுறையில் ஆற்றின் வளைவுகளும் பாறைத் திட்டுகளும், காவிரியில் இப்போது வரிசையாக நிற்கும் கதவணைகளும் இந்த வேலையைத் துரிதப்படுத்துகின்றன. கண்ணுக்குத் தெரியும் கோடும் அதற்கு வெகு முன்பே மங்கிவிடுகிறது. இருந்தும் கலப்பது மைல்கணக்கான காரியம் என்பதில் ஐயமில்லை. அமேசான் நாட்டில் மனாவுஸ் நகருக்கருகே கரிய நீக்ரோ ஆறும் வெளிறிய சொலிமோயின்ஸ் ஆறும் ஆறு கிலோமீட்டர் தூரம் தோளோடு தோளாகப் பிரிந்தே ஓடுவதைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து பிரயாணிகள் போகிறார்கள். அங்கே நீரின் குளிர்ச்சியும் கனமும் வேகமும் வேறுவேறாக இருப்பதும் சேர்ந்துகொள்கிறது.

இது வேடிக்கை பார்ப்பதற்கான செய்தி மாத்திரமல்ல. கழிவுநீரை ஆற்றில் விட்டால் ஆறு முழுவதும் அதைப் பங்கிட்டுக்கொண்டு நீர்த்துப்போகச் செய்துவிடும் என்று சாயப்பட்டறைக்காரர் முதல் நகரசபை வரை எல்லோரும் நம்புகிறார்கள். ஆறு அப்படிப் பங்கிடுவதில்லை. விட்ட கழிவு விட்ட கரையையே ஒட்டிக்கொண்டு போகிறது. அதே கரையில் சில மைல் கீழே குடிநீருக்குக் குழாய் போட்டிருக்கும் ஊர், மேலூரின் பட்டறை நீரைப் பெரும்பாலும் அப்படியே குடிக்கிறது. எதிர்க்கரை ஊர் தப்பித்துக்கொள்கிறது. குழாயை எந்தக் கரையில் போடுவது என்பது, எந்த ஊரில் போடுவது என்பதைப்போலவே முக்கியமான கேள்வி.

மூலையும் மடுவும்

சங்கமம் என்பது ஒரு புள்ளி என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு சிறு ராஜ்யம், அதற்குள் பல நாடுகள் உண்டு. இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட நிலமுனையில், இருபுறமும் வரும் நீர் ஒன்றையொன்று தடுப்பதால், ஓட்டமே இல்லாத ஒரு மூலை உண்டாகிறது. அன்று படியிலிருந்து யாரோ விட்ட ஒரு செவ்வந்தி மாலை, காவிரியோடு போய்விடுமென்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது பத்தடி போயிற்று, தயங்கிற்று, மெல்ல அரைவட்டமடித்துப் பழைய படிக்கே வந்து, விட்ட அம்மாளின் முழங்காலில் முட்டிற்று. சுவாமி மாலையை ஏற்கவில்லையோ என்று அந்த அம்மாளின் முகம் வாடிவிட்டது. தேக்கமூலையின் சுபாவம் அது என்று அப்போது சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. கோயிலும் படித்துறையும் அந்த முனையில் அமைந்ததற்குப் புராணம் ஒரு காரணம் சொல்கிறது. ஆயிரம் பேர் அச்சமின்றி இறங்கி ஸ்நானம் செய்யத்தக்க அமைதியான நீர் அங்கே கிடைக்கிறது என்பது ஆறு சொல்லும் காரணம்.

மூலையைத் தாண்டிச் சில கஜ தூரத்தில் நிலைமை தலைகீழ். இரு ஓட்டங்களும் மோதுமிடத்தில் நீர் மேலிருந்து கீழ்நோக்கித் திருகிக்கொண்டு இறங்கி, அடியிலுள்ள மணலை வாரிவிட்டு மடுவைத் தோண்டுகிறது. மேலே பார்த்தால் நீர் எண்ணெய் தடவியதுபோல் வழவழப்பாக இருக்கும். நீந்தத் தெரிந்தவரும் திரும்பாத இடம் அதுவே. அதற்கும் கீழே, கிளையாறு வந்து சேர்ந்த கரையோரத்தில், ஓட்டம் கரையைவிட்டு விலகிப்போவதால் மணல் படிந்து திட்டாகிறது. பரிசல்காரர்கள் இந்த மூன்றையும் எந்தப் புத்தகமும் படிக்காமலே அறிந்தவர்கள். மடுவை ஒதுக்கி, திட்டையும் ஒதுக்கி, இரண்டுக்கும் நடுவே துடுப்பை ஊன்றுவார்கள்.

காவிரி பெருவெள்ளமாக வரும்போது பவானிக்கு வழி கிடைப்பதில்லை. பெரிய ஆற்றின் மட்டம் உயர்ந்து நிற்க, சிறிய ஆறு தன் வாசலிலேயே தடுக்கப்பட்டுப் பின்னோக்கித் தேங்குகிறது; இது ‘எதிர்த்தேக்கம்’. மேட்டூர் அணை கட்டப்படுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் 1924-இல் வந்த பிரளயத்தைப் போன்ற வெள்ளங்களில் கூடுதுறை ஊர்களின் துன்பத்துக்கு இதுவும் ஒரு காரணம். மேட்டூரில் 1934 முதல் அணை நிற்கிறது. அணை நிரம்பி மிகுநீர் திறக்கப்படும் ஆண்டுகளில் இன்றைக்கும் பவானியின் தாழ்ந்த தெருக்களுக்குள் ஆறு வந்துபோகிறது.

இங்கே அமுதநதி என்ற மூன்றாவது ஆறொன்று கண்ணுக்குத் தெரியாமல் வந்து கலக்கிறது என்பது ஐதிகம். கோடையில் வறண்ட மணலைக் கையால் தோண்டினாலே ஊற்று சுரப்பதை அறிந்தவர்கள், ஆற்றுக்கு அடியில் மணலுக்குள் இன்னோர் ஆறு வெகு மெதுவாக நடந்துகொண்டிருப்பதை அறிவார்கள். ஆற்றங்கரை ஊர்கள் பல, மணலில் கிணறு இறக்கி, வடிகட்டும் வேலையை மணலிடமே விட்டுவிட்டு, அந்த நீரைத்தான் குடிக்கின்றன. புராணிகர் சொன்னது இதைத்தான் என்று வாதிக்க நான் வரவில்லை.

காலிங்கராயனின் கணக்கு

கூடுதுறைக்குச் சற்று மேலே, பவானி காவிரியில் விழப்போகும் தறுவாயில், ஆற்றின் குறுக்கே ஓர் அணைக்கட்டு இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் என்னும் கொங்குத் தலைவன் கட்டியது. அணைக்கட்டு வேறு, அணை வேறு. அணை நீரைச் சேமிக்கும். அணைக்கட்டு நீரைச் சேமிப்பதில்லை, அதன் மட்டத்தைச் சில அடிகள் தூக்கிப் பக்கத்து வாய்க்காலுக்குள் திருப்புகிறது. வெள்ளம் வந்தால் தலைக்கு மேலே போக வழிவிட்டுக் குனிந்துகொள்கிறது. இந்தத் தமிழ்ச் சொல்லை ஆங்கிலேயப் பொறியாளர்கள் தங்கள் மொழியில் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

இந்த அணைக்கட்டிலிருந்து புறப்படும் காலிங்கராயன் வாய்க்கால் காவிரியின் மேற்குக் கரையை ஒட்டி, ஈரோட்டின் வழியாக, 56 மைல் போகிறது. இதில் ஒரு புதிர் இருக்கிறது. காவிரி பக்கத்திலேயே ஓடுகிறதே. அதன் கரையிலுள்ள வயல்களுக்கு அதன் நீரையே எடுத்துக்கொண்டால் என்ன?

எடுக்க முடியாது, ஏனெனில் வயல் மேலே இருக்கிறது, காவிரி கீழே இருக்கிறது. நீர் மேலே ஏறாது. ஆனால் வயலைவிட மேலான இடத்தில் நீரைப் பிடித்து, அது இறங்கிவிடாமல் பார்த்துக்கொண்டே வயல் வரைக்கும் நடத்திச் சென்றால் காரியம் ஆகும். கணக்குக்காக, ஆறு மைலுக்கு மூன்றடி இறங்குகிறது என்று கொள்வோம். அதனருகே மைலுக்கு ஓரடி மட்டுமே இறங்கும்படி ஒரு வாய்க்காலை வெட்டுகிறோம். புறப்படும் இடத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டம். ஒரு மைல் போனதும் வாய்க்கால் ஆற்றைவிட இரண்டடி உயரத்தில் இருக்கிறது. பத்து மைலில் இருபதடி. வாய்க்கால் ஏறவே இல்லை. அதுவும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆறு அதைவிட வேகமாக இறங்கிவிட்டது, அவ்வளவே. இருபதடி உயரத்தில் போகும் வாய்க்காலுக்கும் கீழே போகும் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலம் முழுவதும், மதகைத் திறந்தால் பாயும் நன்செய் ஆகிறது.

சொல்வதற்கு எளிது. செய்வதில்தான் சங்கடம். சரிவு அதிகமானால் நீர் விரைந்து மண்கரையை அரித்துவிடும். குறைந்தால் வண்டல் படிந்து கோரை முளைத்து வாய்க்கால் தூர்ந்துபோகும். இரண்டுக்கும் நடுவிலுள்ள மெல்லிய இடத்தில் 56 மைலும் நடக்கவேண்டும். வழியில் மேடு வந்தால் சுற்றவேண்டும். பள்ளம் வந்தால் அதன் தலைமாடு வரைக்கும் உள்ளே போய்த் திரும்பவேண்டும். ஆகவே வாய்க்கால் நேர்வழியை விட்டு, ஒரே மட்டமான நிலத்தைத் தேடித்தேடி, நெளிந்து நெளிந்து போகிறது. ஒரு பாம்பு முன்னே ஊர்ந்து வழி காட்டியது, அதன் தடத்திலேயே வெட்டினார்கள் என்று ஊரார் சொல்லும் கதை, அந்த நெளிவைக் கண்டு பிரமித்தவர்களின் கதை. பாம்பு காட்டியதோ இல்லையோ, தளமட்டம் பார்க்கும் கண்ணாடிக் கருவிகள் எவையும் இல்லாத காலத்தில், நீரையே சாட்சியாக வைத்து நிலத்தின் சாய்வை அறிந்த ஒருவரோ பலரோ அங்கே இருந்திருக்கிறார்கள் என்பது நிச்சயம். அவர்கள் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு உள்ளூற வருத்தம்.

குறுக்கே கட்டக் காவிரியை விட்டுவிட்டுப் பவானியைத் தேர்ந்ததிலும் யுக்தி இருக்கிறது. பேராற்றை மறிப்பதைவிடக் கிளையாற்றை மறிப்பது எளிது. அதிலும், கிளையாற்றின் முழு வரவும் வந்து சேர்ந்த கடைசி இடத்தில் மறித்தால் ஒரு சொட்டும் தவறாது. தன் நிலத்துக்காகத்தான் வெட்டினான் என்று பிறர் பழித்தபோது, காலிங்கராயன் குடும்பத்தோடு அவ்வாய்க்கால் பாயாத ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்து போனான் என்பது செவிவழிச் செய்தி.

மேலே எடுத்தவனும் கீழே எடுத்தவனும்

காலிங்கராயன் ஆற்றின் வாசலில் எடுத்தான். ஆதலால் காவிரிக் கரையோரப் பட்டையை மட்டுமே அவனால் நனைக்க முடிந்தது. அதற்கு மேற்கே கொடிவேரியில் எடுத்தவர்கள் அரக்கன்கோட்டை, தடப்பள்ளி என இரு வாய்க்கால்களால் கோபிசெட்டிபாளையத்தைச் சுற்றியுள்ள வயல்களைப் பசுமையாக்கினார்கள். இன்னும் மேலே, மோயாறும் பவானியும் சேருமிடத்தில், 1948 முதல் 1955 வரை பவானிசாகர் அணை எழுந்தது, 32.8 டி.எம்.சி. நீரைத் தாங்கும் மண்ணணை அது. கூடுதுறைக்கு மேலிருந்த அந்தப் பழைய கூடுதுறை, தணாயக்கன் கோட்டையுடன் நீருக்கடியில் போய்விட்டது. வறட்சி முற்றிய ஆண்டுகளில் அங்கிருந்த கோயிலின் கல் மட்டும் வெளியே வந்து எட்டிப்பார்க்கிறது.

அவ்வளவு மேலே எடுத்ததனால் கீழ்பவானி வாய்க்கால் மேட்டின் முதுகிலேயே 200 கிலோமீட்டர் நடந்து, அதுவரை மானாவாரியாகக் கிடந்த இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை அடைகிறது. எல்லா நிலத்துக்கும் ஒரே சமயத்தில் கொடுக்க நீர் போதாமையால் முறை வைத்துப் பாதிப் பாதியாக விடுகிறார்கள். ஒரு பாதிக்கு நெல் என்றால் மறு பாதிக்கு அடுத்த போகத்தில் புன்செய்ப் பயிர். பழைய ஆயக்கட்டுக்காரர்கள் தங்கள் உரிமை முந்தியது என்கிறார்கள். புதியவர்கள் தங்கள் நிலம் அதிகம் என்கிறார்கள். மண்வாய்க்காலில் கசிந்து வீணாகும் நீரைத் தடுக்கக் கான்கிரீட் போடவேண்டும் என்று ஒரு சாரார் கேட்க, அந்தக் கசிவால்தான் எங்கள் கிணறு நிறைகிறது என்று மறு சாரார் மறிக்கிறார்கள். இரு சாராரும் சொல்வது மெய்யே. மேட்டு வாய்க்காலில் கசிந்த நீர் மண்ணுக்குள் மெல்ல இறங்கி, கிணறுகளை நிரப்பி, ஓடைகளில் வெளிப்பட்டு, கீழேயுள்ள வயல்களை எட்டுகிறது. மேலே ஒருவனுக்கு நஷ்டமாக எழுதப்படும் தொகை கீழே வேறொருவன் கணக்கில் வரவாகிறது.

காலிங்கராயன் வாய்க்காலுக்கு வந்த துன்பம் வேறுவகை. ஈரோட்டைக் கடக்கும் இடத்தில் தோல் பட்டறைகளும் சாயப்பட்டறைகளும் அதன் ஓரத்தில் வளர்ந்தன; கழிவு வாய்க்காலில் விழாமலிருக்க, பக்கத்திலேயே ‘பேபி வாய்க்கால்’ என்று இன்னொன்றை வெட்டவேண்டியதாயிற்று. எழுநூறு ஆண்டுப் பழமையுள்ள வாய்க்காலுக்கு இப்படியொரு குழந்தை.

மஞ்சளும் நெல்லும் வாழையும் கண்ட பிறகு வாய்க்கால் கொடுமுடிக்கு அப்பால் ஆவுடையார்பாறையில் நொய்யலில் விழுகிறது. நொய்யல் சிறிது தூரம் போய்க் காவிரியில் விழுகிறது. கூடுதுறையில் காவிரியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் கைப்பிடித்து இழுத்துப்போன பவானி நீரில், வயல்களும் வெயிலும் எடுத்துக்கொண்டதுபோக எஞ்சிய கொஞ்சம், அங்கே காவிரியின் வலக்கரையோரமாக வந்து நுழைகிறது. அங்கிருந்து அது நடு ஆற்றை எட்டுவதற்கு இன்னும் பல மைல் ஆகும்.